கணினி வலையிற் பேசும் தொலைபேசி

தோற்றுவாய்

நாமக்கல் என்னும் பெயரைக் கேட்டவுடன் ஊர் நடுவே ஓங்கி நிற்கும் ஒற்றைப் பாறையும் அதன் உச்சிக் கோட்டையும் சிலருடைய நினைவுக்கு வரும். கணித மேதை இராமாநுஜன் குடும்பத்தார் வழிபட்ட நாமகிரித் தாயார் கோயில் வேறு சிலருடைய நினைவுக்கு வரும். வாணிகஞ் செய்வார்க்கோ லாரியும் முட்டையுமே முன் நிற்கும். சேலம் ஜில்லாவின் ஒரு பகுதியாயிருந்து, 1997ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் தனி ஜில்லாவாகிய இந்நிலப்பகுதியில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், சரக்கு ஏற்றியனுப்பும் ஆபீசுகளும், கோழிப் பண்ணைகளும் சாலைதோறும் நிறைந்துள்ளன.

இத்தொழில்கள் யாவும் பேச்சினால் நடப்பன. லோடு எங்குளது, வண்டி எப்பொழுது புறப்பட்டது, எவ்வூரில் அச்சு முறிந்து நிற்கின்றது, இன்றைய முட்டை விலை யாது என்பனவெல்லாம் ஒருவர் வாயினின்று மற்றொருவர் செவிக்குச் சென்றாக வேண்டும். அச்சொல் உரிய காலத்திற் சென்று சேராவிடின் வண்டி வெறிதே நிற்கும், முட்டை கெடும், தொலைவூரில் நள்ளிரவில் வழி மறிக்கப்பட்ட ஓட்டுநர் உதவியின்றித் தவிப்பர். ஆதலின், பத்துப் பன்னிரண்டு அறைகளையுடைய நடுத்தர ஆபீசு ஒன்று, தன்னிடம் ஏற்கெனவே உள்ள கணினி வலையைக் கொண்டே தனக்கொரு தொலைபேசி ஏற்பாட்டை எங்ஙனம் அமைத்துக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். தொலைபேசி சுமப்பது ஒலி. ஒலியின் பிறப்பையும் அளவையும் ஆராய்வது இலக்கணம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் பயின்றார்க்கு இப்பொருள் அத்துணை அயலன்று என்பது மேற்செல்லச் செல்ல விளங்கும்.

பழைய ஏற்பாடு

அலெக்சாந்தர் கிரகாம் பெல் என்பார் தொலைபேசிக்கு உரிமைச் சான்று பெற்றது 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். நம் நாட்டில் 1881, 1882ஆம் ஆண்டுகளில் கல்கத்தா, பம்பாய், சென்னை முதலிய நகரங்களிலே ஓரியண்டல் டெலிபோன் கம்பெனியார் இணைப்பு நிலையங்களைத் திறந்தனர். அக்காலத்தில் நிலையத்தில் அமர்ந்திருந்த ஒருவர், அழைப்பவரின் கம்பியையும் அழைக்கப்படுபவரின் கம்பியையும் தம் கையாற் பொருத்தினாலன்றிப் பேச்சு நிகழாது. அமெரிக்க நாட்டில் ஈமத் தொழில் புரிந்த ஸ்ட்ரௌஜர் என்பார், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை நிலையத்தார் போட்டியாளர்க்குத் திருப்பி விடுகின்றனர் என்று ஐயுற்று, மனிதர் கையின்றித் தானே இணைக்கும் யந்திரத்தைக் கண்டார் என்று சொல்லப்படுகின்றது. அவர்க்கு 1891ஆம் ஆண்டில் உரிமைச் சான்று கிடைத்தது. இந்தியாவில் முதல் தானியங்கி நிலையம் 1913-14இல் சிம்லாவில் அமைந்தது.

யந்திரம் மாறினும் அடிப்படை மாறவில்லை. இருவர் பேசுங்கால் அவர்களிடையே ஒரு தனி வழி திறக்கப்படும். அவர் வாய் மூடியிருக்கும் பொழுதும் அவ்வழி பிறர்க்குப் பயன்படாது. ஒரு ஆபீசினுள்ளே பல அறைகட்குத் தொலைபேசி வேண்டின், ஒவ்வோர் அறைக்கும் தனிக் கம்பி இழுத்து, அவையனைத்தையும் ஒரு பெட்டியிற் கூட்டி முடிக்க வேண்டும். அப்பெட்டி செய்த கம்பெனியாரையன்றி அதனைத் தொட வல்லார் இலர். ஒரு மேசையை அடுத்த அறைக்கு மாற்றினும் ஆள் வரவேண்டும். கூலி கொடுக்க வேண்டும்.

ஒலி எங்ஙனம் பொட்டலமாகின்றது?

கணினி வலையில் தனி வழி என்பதில்லை. அனுப்பப்படும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் சேர வேண்டிய முகவரி எழுதப்பட்டு, பொதுச் சாலையில் விடப்படும். இவ்வகைப் பொட்டலங்களிற் பேச்சை அனுப்பும் முயற்சி அமெரிக்க ஆராய்ச்சிக் கூடங்களில் 1970களிலேயே தொடங்கிற்று. ஆபீசு வலைகளில் வழங்கும் ஈதர்நெட் என்னும் முறையும் 1973ஆம் ஆண்டில் மெட்கால்ஃப் என்பார் கருத்தில் உதித்ததே.

பேச்சொலி காற்றின் அலை. ஒலிவாங்கி அவ்வலையை மின்னலையாக்கும். தொலைபேசியினுள் இருக்கும் கருவி, அம்மின்னலையின் உயரத்தை ஒரு விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இலக்கமுள்ள இரும எண்ணாகக் குறிக்கும். எட்டாயிரத்தை எட்டாற் பெருக்க, விநாடிக்கு 64,000 பிட்டுகள் ஆகும். இம்முறைக்கு ஜி.711 என்று பெயர். 1972ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வழங்குவது. இவ்வெண்களை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுதல் வழக்கு.

ஐம்பதில் ஒரு பங்கு எத்துணைச் சிறிது என்பதை நம் இலக்கணத்தைக் கொண்டே உணரலாம். கண்ணிமைத்தலும் கைந்நொடித்தலும் ஒரு மாத்திரை என்பர் நூலோர். கண்ணிமைப்பு ஒன்று விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொள்வோமாயின், ஒரு குற்றுயிரைச் சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பொட்டலங்கள் புறப்பட்டுவிடும்; அரை மாத்திரையுடைய மெய்க்கு ஐந்து. வழியில் ஒரு பொட்டலம் தொலையின் செவி அதனை உணராது. தொடர்ந்து ஐந்து தொலையின் ஒரு மெய்யே மறையும். சொல்லும் பொருளும் திரியும். ஆதலின், தொலைபேசிக்கு வலை அமைப்பவர் கருத வேண்டுவது பொட்டலம் தொலையாமை மட்டுமன்று, தொடர்ந்து தொலையாமையுமாம்.

பொட்டலங்கள் சமமான இடைவெளியிற் புறப்படினும் சமமான இடைவெளியிற் சென்று சேர்வதில்லை. நாமக்கல்லினின்று மணிக்கொன்றாகப் புறப்பட்ட லாரிகள், சுங்கச் சாவடிகளிலும் நெரிசலிலும் தங்கி, இரண்டு சேர்ந்தும் ஒன்று பிந்தியும் சேர்வது போன்றது இது. அவற்றைச் சிறிது நேரம் களத்தில் நிறுத்தி, மீண்டும் ஒழுங்காக இறக்கும் ஏற்பாடு ஒவ்வொரு தொலைபேசியினுள்ளும் உண்டு. ஆயினும் நிறுத்தும் நேரம் மிகின் பேசுவோர் ஒருவரையொருவர் இடைமறிப்பர். வாயினின்று செவிக்குச் செல்லும் காலம் விநாடியின் ஆயிரத்தில் 150 பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம் என்று உலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தார் வரையறுத்துள்ளனர்.

இன்னுமொன்று நோக்கத்தக்கது. கணக்கேட்டை அனுப்புங்கால் ஒரு பொட்டலம் தொலையின் மீண்டும் அனுப்பச் சொல்லுதல் முறை. பேச்சிற்கு அஃது ஒவ்வாது. முன் சொல்லின் ஒரு துண்டு, அடுத்த சொல் முடிந்தபின் வந்து என்ன பயன்? உடைந்த முட்டைக்காகச் சந்தை காத்திராது. ஆதலின் பேச்சுப் பொட்டலங்கள் திரும்பக் கேட்கப்படாத முறையிலேயே அனுப்பப்படும்.

சுமையும் கூலியும்

ஜி.711 முறையில் ஒரு பொட்டலத்தின் சரக்கு 160 பைட்டுகள். அதன் மேற் சுற்றப்படும் முகவரி உறைகள் எல்லாம் சேர்ந்து 58 பைட்டுகள். ஆக 218 பைட்டுகள். விநாடிக்கு ஐம்பது பொட்டலம் எனக் கணக்கிடின், ஒரு திசைக்கு 87,200 பிட்டுகள் வரும். சாதாரண ஆபீசு வலையிலும் ஒரு கம்பி விநாடிக்குப் பத்துக் கோடிப் பிட்டுகளைச் சுமக்கும். நூறு பேர் ஒரே காலத்திற் பேசினும் அக்கம்பியில் ஒரு திசைக்குப் பத்தில் ஒரு பங்கும் நிரம்பாது. எனவே, ஆபீசினுள்ளே இடப் பஞ்சம் என்னும் அச்சம் வேண்டுவதில்லை.

ஜி.729 என்னும் சுருக்க முறையொன்றும் உண்டு. அதில் சரக்கு 20 பைட்டுகளே. உறையோ அதே 58. பொட்டலம் 78 பைட்டுகளாய், விநாடிக்கு 31,200 பிட்டுகள் ஆகும். சரக்கு எட்டில் ஒரு பங்காகக் குறைந்தும் மொத்தச் சுமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே குறைந்து நிற்பது காண்க. வண்டியின் வெறும் எடை சரக்கின் எடையை விஞ்சினால் வாடகை கட்டாது என்பது லாரித் தொழிலார் அறிந்த உண்மையன்றோ? சுருக்க முறை, வெளியூர்க் கிளைக்குச் செல்லும் மெலிந்த இணைப்பிற்கே ஏற்றது, ஆபீசினுள் வேண்டுவதில்லை.

ஆபீசினுள் வேண்டுவது தெளிவு. பழைய தொலைபேசி, விநாடிக்கு 300 முதல் 3400 வரை அதிர்வுடைய ஒலிகளையே கடத்தும். உரசொலிகளுக்குரிய அதிர்வுகள் பெரும்பாலும் அதற்கு மேற்பட்டவை. ஆதலாலேயே வண்டி எண்ணைச் சொல்லுங்கால் எஸ் என்பதும் எஃப் என்பதும் மயங்குகின்றன. டி.என். 28 என்று தொடங்கும் நாமக்கல் வண்டிகள் ஆயிரக்கணக்கில் உள. அவற்றுள் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் சரக்கு மாறும், பணமும் மாறும். ஜி.722 என்னும் முறை 7000 அதிர்வு வரை கடத்தும், சுமையோ ஜி.711 முறைக்குச் சமமே. இரு முனையிலும் உள்ள தொலைபேசிகள் இதனை அறிந்திருப்பின் மிகுசெலவின்றித் தெளிவு கிடைக்கும். எனவே, தொலைபேசி வாங்குமுன் இம்முறை அதில் உண்டா என்று வினவுதல் அறிவுடைமை.

நடுவில் நிற்கும் சர்வர்

யாரை அழைப்பது, அவர் எங்கிருக்கின்றார், மணி அடிக்கின்றதா, எடுத்தாரா, வைத்தாரா என்பனவற்றைப் பேசிக்கொள்ளும் மொழிக்கு எஸ்.ஐ.பி. என்று பெயர். அதன் முதல் வரையறை 1999ஆம் ஆண்டிலும், திருந்திய வரையறை 2002ஆம் ஆண்டிலும் வெளியாயின. ஒவ்வொரு தொலைபேசியும் உயிர் பெற்றவுடன் சர்வரிடம் தன் எண்ணையும் மறைச்சொல்லையும் கூறித் தன் இருப்பிடத்தைப் பதிவு செய்யும். ஒருவர் எண்ணை அழுத்தினால், அழைப்பு சர்வருக்குச் செல்லும். சர்வர் பதிவேட்டைப் பார்த்து உரிய தொலைபேசியில் மணி அடிப்பிக்கும். எடுத்தபின் பேச்சு, ஆர்.டி.பி. என்னும் வேறு முறையில் ஓடும். மேசையை எவ்வறைக்கு மாற்றினும் தொலைபேசியைக் கையோடு கொண்டு சென்று அங்குள்ள துளையிற் செருகினாற் போதும். எண் உடன் வரும்.

சர்வராக நிற்கும் மென்பொருள்களுள் பெயர் பெற்றது ஆஸ்டரிஸ்க். அதன் பிறப்பு வரலாறு மாணவராகிய நமக்கு ஊக்கம் தருவது. அமெரிக்க நாட்டு ஆபர்ன் பல்கலைக் கழகத்திற் பயின்ற மார்க் ஸ்பென்சர் என்னும் இளைஞர், 1999ஆம் ஆண்டில் தம் சிறு தொழிலுக்கு ஓர் இணைப்புப் பெட்டி வாங்க விரும்பினார். அதன் விலை அவர்க்கு எட்டவில்லை. அதனால் சாதாரணக் கணினியிலே அவ்வேலையைச் செய்யும் நிரலைத் தாமே எழுதி, யாவரும் பார்க்கவும் திருத்தவும் பயன்படுத்தவுமாறு வெளியிட்டார். வாங்க இயலாமை ஆக்கத்திற்கு வழியாயிற்று. லினக்ஸ் இயங்கும் ஒரு சிறு கணினியில் இதனை நிறுவலாம். கட்டளை வரிகளை எழுதத் தயங்குவோர், திரையிற் படிவங்களை நிரப்பியே நடத்தும் ஃப்ரீ-பி.பி.எக்ஸ். என்னும் துணையை மேற்கொள்வர்.

அமைக்கும் முறை

எடுத்துக்காட்டாக, பன்னிரண்டு தொலைபேசி வேண்டும் ஒரு லாரி ஆபீசைக் கொள்வோம்: புக்கிங்கிற்கு மூன்று, கணக்கிற்கு இரண்டு, முதலாளிக்கு ஒன்று, டயர்க் கிடங்கிற்கு ஒன்று, பட்டறைக்கு இரண்டு, வாயிற் காவலர்க்கு ஒன்று, வண்டி நிறுத்தும் களத்திற்கு ஒன்று, ஓட்டுநர் தங்கும் அறைக்கு ஒன்று.

முதலாவது, எண்களை வகுத்தல். 101, 102 என்று தொடங்குதல் பலர்க்கு எளிதாகத் தோன்றும். அது பெருந் தவறு. 101 தீயணைப்புப் படைக்கும், 108 நோயாளர் வண்டிக்கும், 112 எல்லா அவசரத்திற்கும் உரிய எண்கள். உள்ளெண்கள் ஒன்றிற் றொடங்குமாயின், தீப்பற்றிய வேளையில் அழைத்தவர்க்கு டயர்க் கிடங்கில் மணி அடிக்கும். ஆகவே 201 முதல் வைத்துக்கொள்க. வெளியே அழைக்க முன்னெண் ஒன்று வகுப்பினும், அவசர எண்கள் முன்னெண்ணின்றியும் வெளிச்செல்லுமாறு அமைத்தல் கடன்.

இரண்டாவது, கம்பி. செப்புக் கம்பி சுவிட்சிலிருந்து 100 மீட்டருக்கு மேற் செல்லலாகாது. பட்டறையும் களமும் தனிக் கட்டடங்களாயின் அவற்றிற்குக் கண்ணாடியிழைக் கம்பியே தக்கது. கட்டடங்களுக்கிடையே செப்பு ஓடினால் இடி மின்னலின் தாக்கு அதன் வழியே ஏறிக் கருவிகளை எரிக்கக்கூடும். மேலும், பட்டறையில் வெல்டிங் நடக்குங்கால் எழும் மின்குழப்பம் கண்ணாடியிழையைத் தீண்டாது.

மூன்றாவது, சுவிட்ச். வலைக் கம்பி வழியே மின்சாரத்தையும் தரும் சுவிட்ச்சு உண்டு, பி.ஓ.ஈ. என வணிகர் வழங்குவர். 2003ஆம் ஆண்டின் நியதிப்படி அது ஒவ்வொரு துளைக்கும் 15.4 வாட் வரை தரும். மேசைத் தொலைபேசிக்கு ஐந்து வாட்டளவே போதும். ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனித் தனி மின்செருகி வேண்டாமை இதன் பயன்.

நான்காவது, சாலையைப் பிரித்தல். கணினிகளின் சரக்கும் தொலைபேசியின் பேச்சும் ஒரே கம்பியில் ஓடினும், சுவிட்சில் அவற்றை வேறு வேறு வலைகளாகப் பிரித்துப் பேச்சுக்கு முதலுரிமை தரலாம். நோயாளர் வண்டிக்கு லாரிகள் ஒதுங்கி வழிவிடுதல் போல்வது இது. இதனைச் செய்யாத ஆபீசுகளில், ஒருவர் பெரும் படமொன்றை இறக்கும் பொழுது மற்றவர் பேச்சு துண்டு துண்டாகக் கேட்கும்.

ஐந்தாவது, வெளியுலகத் தொடர்பு. பழைய தரைவழிக் கம்பியை ஒரு சிறு இடைக்கருவி கொண்டு சர்வரோடு இணைக்கலாம். அன்றி, உரிமம் பெற்ற தொலைத்தொடர்புக் கம்பெனியாரிடம் இணைய வழி எண்களை வாங்கலாம். நம் நாட்டில் இணையவழிப் பேச்சு 2002ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் வரம்புடன் அனுமதிக்கப்பட்டது. பின்னர் விதிகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆயினும் பொதுத் தொலைபேசியோடு இணையுமிடத்து உரிமம் பெற்றவர் வழியே செல்லுதல் வேண்டும் என்பதும், ஒருவர் தம் ஆபீசு வலையைப் பிறருடைய வெளியூர் அழைப்புகட்குக் கள்ள வழியாக்கலாகாது என்பதும் மறக்கற்பாலன அல்ல.

ஆறாவது, காவல். சர்வரை இணையத்தின் பார்வைக்குத் திறந்து வைத்தால், உலகின் எம்மூலையிலிருந்தோ திருடர் எளிய மறைச்சொற்களை முயன்று பார்த்து உள் நுழைவர். ஓர் இரவில் அயல்நாடுகட்கு அழைத்துப் பெருந்தொகைக் கட்டணத்தை ஆபீசின் தலையிற் சுமத்துவர். தொலைபேசி எண்ணையே மறைச்சொல்லாக வைக்கும் வழக்கத்தை விலக்குக. அயல்நாட்டு அழைப்பு வேண்டாதார் அதனை அடைத்து விடுக. சர்வரின் அமைப்புகளை நகலெடுத்து வேறோரிடத்தில் வைத்திருத்தலும் வேண்டும்.

மின்சாரம் நின்றால்?

பழைய தொலைபேசிக்கும் புதியதற்கும் உள்ள வேற்றுமைகளுள் உயிரோடு தொடர்புடையது ஒன்று உண்டு. பழைய தொலைபேசிக்கு மின்சாரம் இணைப்பு நிலையத்து மின்கலங்களினின்று கம்பி வழியாகவே வந்தது. ஊர் முழுதும் இருண்டாலும் அது பேசிற்று. வலைவழித் தொலைபேசியோ மின்சாரம் நின்ற அக்கணமே ஊமையாகும். விபத்தும் தீயும் மின்தடையை நோக்கிக் காத்திருப்பனவல்ல.

இதற்குக் கணக்கிட்டு மாற்றுத் தேடல் வேண்டும். பன்னிரண்டு தொலைபேசிக்கு 60 வாட், சுவிட்ச்சுக்கு 15, சர்வருக்கு 15, ரூட்டருக்கு 10. ஆக 100 வாட். வீடுகளிற் பயன்படும் 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று 1800 வாட்-மணி கொள்ளும். மின்கலம் நெடுநாள் உழைக்கும் பொருட்டுப் பாதியை மட்டும் எடுத்து, மாற்றும் கருவியில் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதைக் கழிப்பின் 720 வாட்-மணி எஞ்சும். அஃது ஏழு மணி நேரத்திற்குப் போதியது. ஆயினும், இந்த மின்கலம் கணினிகட்கும் மின்விசிறிகட்கும் பொதுவாயின் கணக்குப் பொய்க்கும். தொலைபேசிக்கென ஒன்றைத் தனியே ஒதுக்குவதும், சர்வரின் துணை வேண்டாத செல்பேசி ஒன்றைக் காவலர் கையில் வைத்திருப்பதும் அறிவுடையார் செயல்.

தேனியிற் கண்ட பாடம்

இத்தகைய ஏற்பாட்டிற்கு அணித்தாகிய மெய்வரலாறு ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1976ஆம் ஆண்டில் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையிற் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளை, 2005ஆம் ஆண்டையொட்டிச் சுற்றூர்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்களை ஏற்படுத்திற்று. அந்நிலையங்களில் மருத்துவர் இலர். பயிற்சி பெற்ற பணியாளரே உளர். கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்துப் பெர்க்லி ஆராய்ச்சியாளர், வீடுகளில் வழங்கும் வைஃபை கருவிகளையே உயர்ந்த கம்பங்களில் ஏற்றி, அந்நிலையங்களை மருத்துவமனையோடு இணைத்தனர். சாதாரண வைஃபை நெடுந்தொலைவுக்கு ஏற்றதன்று. அதன் பேசும் முறையை மாற்றி, ஒவ்வொரு முனையும் முறை வைத்துப் பேசுமாறு செய்து, பதினைந்து கிலோமீட்டர் வரை எட்டச் செய்தனர். சிற்றூரிலிருந்த நோயாளர், தேனியிலிருந்த மருத்துவரின் முகங் கண்டு பேசினர்.

அங்கே பெருந் தொல்லை தந்தது வலையன்று, மின்சாரமே. ஏறியும் இறங்கியும் வந்த மின்னழுத்தம் கருவிகளைக் கெடுத்தது. அதனைச் சீர்செய்த பின்னரும், பழுது நேருங்கால் வெளிநாட்டு ஆராய்ச்சியாளரை எதிர்பாராது உள்ளூர்ப் பணியாளரே முதலிற் பார்த்துத் திருத்தப் பயின்றமையே அவ்வலை நிலைத்தற்குக் காரணமாயிற்று.

இமயச் சாரலிலுள்ள தர்மசாலையிலும் 2005ஆம் ஆண்டு முதல் திபேத்தியர் நிறுவனங்களை இணைத்த கம்பியில்லா வலையொன்று எழுந்தது. அதன் வழியே ஆஸ்டரிஸ்க் கொண்டு தொலைபேசியும் நடத்தினர். மலையும் மழையும், கம்பங்களைப் பற்றியாடும் குரங்குகளும் உள்ள இடத்தில் நடந்தது, சமவெளியாகிய நாமக்கல்லில் நடவாதோ?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் புலப்படுவன சில. ஆபீசின் கணினி வலை பேச்சைச் சுமக்க வல்லது. கருவிகள் கடையிற் கிடைப்பன. மென்பொருள் பொருளின்றிக் கிடைப்பது. குறைவது, அதனை அறிந்து பேணும் ஆளே. பட்டறைகளிற் டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவல்ல இளைஞர் இந்நிலத்தில் எண்ணிலர். அவர்கட்கு இவ்வேலை அரிதன்று. அரிதெனத் தோன்றுவதற்குக் காரணம், இதனைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருத்தலேயாம். லினக்ஸ் கட்டளையும் எண் வகுப்பும் மின்கலக் கணக்கும் தமிழில் எழுதப்படுமாயின், சிற்றூர் ஆபீசும் பிறர் கையை எதிர்பாராது தன் தொலைபேசியைத் தானே ஆளும். அவ்வெழுத்துப் பணி, தமிழ் பயிலும் நம்மையும் விஞ்ஞானம் பயிலும் நண்பரையும் ஒருங்கே சார்ந்தது.

மற்றொன்றும் உண்டு. இரவில் ஒரு தொலைபேசியில் இருபது விநாடி மணியடித்தும் எடுப்பார் இல்லையெனின் அடுத்த தொலைபேசிக்கும், அங்கும் இல்லையெனின் ஒருவர் கைப்பேசிக்கும் அழைப்பைச் செலுத்துமாறு சர்வருக்கு நாம் கட்டளையிடலாம். அக்கட்டளையின் இறுதி வரியில் எவருடைய எண்ணை எழுதுவது என்பதைச் சர்வர் அறியாது. நாகபுரிக்கு அப்பால் அச்சு முறிந்து நிற்கும் ஓட்டுநர் அழைக்குங்கால் விழித்தெழுந்து விடை கூற ஒப்புவார் யார் என்பதை ஆபீசிலுள்ளோர் ஒருங்கு கூடி முதலில் முடிவு செய்க. கம்பி இழுப்பதைப் பின்னர்த் தொடங்குக.